நீர் குளிர்விக்கிறது, காற்று வெளியேற்றுகிறது

பிராசசர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. இன்டெல் கோர் ஐ9-14900கே உச்ச வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அத்தனை சூடும் கட்டைவிரல் நகம் அளவுள்ள சில்லிலிருந்து வெளியேற வேண்டும். ஒரே கொள்ளளவில், காற்றைவிட நீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கும். அதனால்தான் திரவக் கூலர்.

ஆனால் அந்த வெப்பத்தைக் கடைசியில் அறைக்குள் தள்ளுவது ரேடியேட்டரும் மின்விசிறிகளும்தான். எனவே ரேடியேட்டரின் பரப்பைப் பார்த்து வாங்குங்கள்: 240 மி.மீ. என்றால் இரண்டு விசிறி, 360 என்றால் மூன்று. பம்ப்பின் மேல் மின்னும் வண்ண விளக்கு ஒரு டிகிரியைக்கூடக் குறைக்காது. அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்கவும் இக்கூலரால் முடியாது.

பொருத்தும் இடம் மிக முக்கியம். ஆண்டுகள் போகப்போகக் குழாய்ச் சுவர் வழியே திரவம் சிறிது சிறிதாகக் கசிந்து ஆவியாகும். உள்ளே காற்றுக்குமிழி சேரும். குமிழி எப்போதும் மிக உயர்ந்த இடத்தைத் தேடும். அந்த இடம் பம்ப்பாக இருந்தால் இரைச்சல் எழும், ஆயுளும் குறையும். ரேடியேட்டரைக் கேபினட்டின் மேற்புறத்தில் பொருத்துவதே நல்லது. அங்கே இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

ரைசன் 5 7600 போன்ற 65 வாட் பிராசசருக்குச் சாதாரணக் காற்றுக் கூலரே போதும். மிச்சமாகும் பணத்தை ரேமில் போடுங்கள்.