நாடகம் எழுதக் கற்பதற்கு ஒரு பட்டம்

எழுத்துக் கலையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று இலக்கிய சபைகளில் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சர்வகலாசாலைகளோ அந்த விவாதம் முடியட்டும் என்று காத்திராமல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் சொல்லிக்கொடுத்தே வருகின்றன. பட்டதாரியான ஒருவர் இரண்டு அல்லது மூன்று வருஷம் பயின்று, ஆராய்ச்சி நூலுக்குப் பதிலாகத் தாமே எழுதிய முழு நீள நாடகத்தையோ திரைக்கதையையோ சமர்ப்பித்து, எம்.எஃப்.ஏ. என்னும் முதுகலைப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறார். 1922-ஆம் ஆண்டில் அயோவா சர்வகலாசாலை சிருஷ்டி இலக்கியத்தையும் பட்டத்துக்குரிய ஆய்வேடாக ஒப்புக்கொண்டதிலிருந்து இந்த ஏற்பாடு வேரூன்றிற்று. நாடகத்தைப் பொறுத்தவரையில் கதை அதற்கும் முந்தியது.

ஹார்வர்டில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்பவர், பாட அட்டவணையில் 47 என்று எண்ணிடப்பட்டிருந்த தம் நாடக வகுப்பில் மாணவர்கள் எழுதியவற்றைக் காகிதத்திலேயே வாசித்துத் திருத்திக்கொண்டிருப்பதில் திருப்தியடையாமல், 1912-இல் அவற்றை நடித்துப் பார்ப்பதற்கென்று ஒரு சிறு பயிற்சி அரங்கை ஆரம்பித்தார். வகுப்பின் எண்ணே அந்த அரங்குக்கும் பெயராயிற்று. அங்கே வரும் ரசிகர்கள் டிக்கெட் வாங்கி வருபவர்கள் அல்லர். அழைப்பின்பேரில் வருகிறவர்கள், பார்த்துவிட்டுக் கைதட்டிப் போய்விடவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. ஒவ்வொருவரும் தம் அபிப்பிராயத்தை எழுத்து மூலம் தர வேண்டும், தந்ததைப் பேக்கர் எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு நாடகாசிரியனிடம் ஒப்படைப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காகிதக் கட்டைப் பிரித்துப் படித்த இளைஞர்களின் நிலையை எழுதுகிற எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

1914-இல் இந்த வகுப்பில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், காசநோய் மருத்துவமனையிலிருந்து பிழைத்து வந்த, புகழ் பெற்ற நடிகர் ஒருவரின் மகனான யூஜீன் ஓநீல். அவர் அங்கே ஓர் ஆண்டுதான் இருந்தார். 1936-இல் நோபல் பரிசு பெற்ற அந்த மேதையைப் பேக்கர்தான் உண்டாக்கினார் என்று சொல்வது அதீதம். 1935-இல் பேக்கர் காலமானபோது ஓநீலே எழுதிய அஞ்சலி இதைவிட நியாயமானது: நாடகத்தை ஒரு கலையென்று மதிப்பாரே அரிதாயிருந்த காலத்தில், எழுதிக்கொண்டிருக்கலாம் என்ற நம்பிக்கையை அவர் தங்களுக்குத் தந்தார் என்பது அதன் சாரம். ஹார்வர்டு பேக்கருக்கு ஓர் அரங்கம் கட்டித்தரக்கூட மனம் கொள்ளவில்லை. எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் 10 லட்சம் டாலரை யேல் சர்வகலாசாலைக்கு வழங்க, 1925-இல் பேக்கர் அங்கே போய்விட்டார். யேல் நாடகப் பள்ளியின் கீர்த்தி அப்படித் தொடங்கியது.

இன்றைய வகுப்பறையிலும் பேக்கரின் முறைதான் சாராம்சத்தில் நடக்கிறது. மாணவன் எழுதிக் கொண்டுவந்த காட்சியை நடிகர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே உரக்க வாசிக்கிறார்கள். எழுதியவன் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். அறையில் தனியே எழுதும்போது கம்பீரமாக ஒலித்த வசனத்தில் நடிகைக்கு மூச்சு முட்டுகிறது, சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாத இடத்தில் யாரோ சிரித்துவிடுகிறார். பேராசிரியர் பத்துப் பக்கம் எழுதி விளக்கினாலும் ஏறாத பாடம் அந்தக் கால் மணி நேரத்தில் ஏறிவிடுகிறது.

திரைக்கதை வகுப்பின் சங்கடம் வேறு. அங்கே பக்கத்தின் அமைப்பே சட்டம்: கூரியர் எழுத்து, அளவு 12, ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிஷப் படம், காட்சியின் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்ற மூன்றும், பிறகு கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் மட்டுமே, நிகழ்காலத்தில். 'பழைய பகையை எண்ணி அவன் மனம் வெதும்பினான்' என்று எழுதினால், இதைக் காமிராவில் எப்படிப் பிடிப்பது என்று கேட்டு ஆசிரியர் கோடு போடுகிறார். அடுத்த பிரதியில் அவன் இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றுகிறான், தம்பி கை நீட்டுவதற்குள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். மேடையிலோ அதே வெதும்பலை ஐந்து நிமிஷம் பேச வைக்கலாம். அந்தச் சொற்களே அங்கே சம்பவமாகிவிடும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கிறவன் கடைசியாக அறிந்துகொள்வதும், என் மதிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமானதுமான விஷயம், எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது. அமெரிக்க நாடக உலகில் பிரதி ஆசிரியனுடையது. அவனுடைய சம்மதமில்லாமல் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது நாடகாசிரியர் சங்கம் போராடி நிலைநாட்டிய தர்மம். சினிமாவிலோ கம்பெனிக்காக எழுதியவன் காப்புரிமையையும் கம்பெனிக்கே கொடுத்துவிடுகிறான், சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனிதான் ஆசிரியர். வேடிக்கை என்னவென்றால், உரிமையை விற்றவன் தொழிலாளியாகக் கருதப்படுவதால் அவனுக்குத் தொழிற்சங்கம் உண்டு, குறைந்தபட்சச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. 2023-இல் அந்தச் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஹாலிவுட்டையே ஸ்தம்பிக்க வைத்தது. உரிமையைக் காத்துக்கொண்ட நாடகாசிரியனோ முதலாளி ஆகிவிட்டபடியால், அவனுடைய சங்கம் தொழிற்சங்கமாக இயங்கிக் கூலி பேச முடியாது. மானத்துக்கு மேடை, ஜீவனத்துக்குத் திரை என்று பலர் இரண்டிலும் கால் வைத்திருப்பது இதனால்தான்.

இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்பது சில சமயம் பரிசு கொடுப்பவர்களுக்கே தெரிவதில்லை. யேலில் 2007-இல் நாடகப் பட்டம் பெற்ற டாரெல் ஆல்வின் மெக்ரேனி இளமையில் எழுதி, மேடையேறாமலே கிடந்த ஒரு பிரதியை ஆதாரமாகக் கொண்டு பாரி ஜென்கின்ஸ் எடுத்த 'மூன்லைட்' படத்தை, மேற்சொன்ன திரை எழுத்தாளர் சங்கம் சுயமான திரைக்கதை என்று கௌரவித்தது. ஆஸ்கார் குழுவோ தழுவல் என்று வகைப்படுத்தி, 2017-இல் இருவருக்கும் பரிசளித்தது. அந்த ஆண்டே மெக்ரேனி தாம் படித்த துறைக்குத் தலைவராகத் திரும்பினார்.

இனிப் பணத்தைப் பற்றி. பெரும் பட்டணங்களிலுள்ள சில கலாசாலைகளில் படிப்புக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 60,000 டாலரைத் தாண்டும். அதைக் கடனாக வாங்கிப் படித்தவன் பிறகு வட்டிக்காகவே எழுத நேரிடும். மறுபக்கம், 2021-இல் இசை, திரைப்படத் தொழிலதிபர் டேவிட் கெஃபனின் அறநிலையம் அளித்த 15 கோடி டாலர் நன்கொடையால் யேல் நாடகப் பள்ளியில் படிப்புக் கட்டணமே எடுபட்டது, பள்ளியும் அவர் பெயரைத் தரித்துக்கொண்டது. டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினில் நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்சனரின் நன்கொடையால் ஏற்பட்ட எழுத்தாளர் மையம், ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் சேர்த்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கும் உபகாரச் சம்பளம் கொடுத்து, நாவல், கவிதை, நாடகம், திரைக்கதை என்னும் நான்கில் ஒன்றைப் பிரதானமாகவும் மற்றொன்றைத் துணையாகவும் பயில வைக்கும் முறையைக் கைக்கொண்டது. மிச்சனருக்கு இந்த யோசனை தோன்றியதில் ஆச்சரியமில்லை: அவருடைய தென் பசிபிக் கதைகள் 1949-இல் இசை நாடகமாகி, 1958-இல் படமுமாகி, அவரையே தனவந்தராக்கியவை.

ஆகவே இந்தப் படிப்பை நாடும் இளைஞருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. உபகாரச் சம்பளம் தரும் இடத்துக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். கடன் வாங்கித்தான் சேர முடியுமென்றால் சேர வேண்டாம். மதிப்பெண் பட்டியலைவிட, நீங்கள் அனுப்பும் பிரதியைக் கொண்டுதான் தேர்வுக் குழு உங்களை அளக்கும். அரைகுறையாக மூன்று இருப்பதைவிட முடித்த நாடகம் ஒன்று இருப்பது மேல். அனுப்புவதற்கு முன் அதை நாலு நண்பர்களைக் கூட்டி உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.