கைக்காசு திரும்ப வந்தால் அது சம்பளமா?

ஆம்பூரில் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டையில் டேனரி, வாணியம்பாடியில் ஏற்றுமதி அலுவலகம் என்று பாலாற்றங்கரையில் மாதச் சம்பளக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பேஸ்லிப் இப்போது போனுக்கே வந்துவிடுகிறது. பலரும் கடைசி வரியில் கைக்கு வரும் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வேலை விஷயமாகக் கைக்காசைப் போட்டு அலைபவர்கள் மட்டும் அப்படி மூடிவிடக் கூடாது.

சாம்பிள் ஷூவை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகிறீர்கள். ரயில், ஆட்டோ, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் உங்கள் காசு. பில் கொடுத்ததும் கம்பெனி அதைத் திருப்பித் தருகிறது. அது கம்பெனியின் செலவு, உங்கள் வருமானம் அல்ல. பழைய வரி முறையோ புதியதோ, அதற்கு வருமான வரி கிடையாது. அதே பணம் பில் எதுவும் கேட்காமல் ‘டிராவல் அலவன்ஸ்’ என்று மாதாமாதம் ஒரே தொகையாக வந்து, செலவுக்கு ஆதாரமும் இல்லையென்றால் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். வீட்டிலிருந்து கம்பெனிக்கு வந்துபோகத் தரும் படிக்கும் வரி உண்டு. அதற்கு இருந்த மாதம் 1,600 ரூபாய் சலுகையை 2018-ல் எடுத்துவிட்டு, நிலையான கழிவைக் கொண்டுவந்தார்கள்.

‘12 லட்சம் வரை வரியே இல்லையே, எனக்கென்ன?’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 1,05,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12,60,000. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக 11,85,000. 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி வரி பூஜ்ஜியம். அவர் டேனரிகளுக்கும் சென்னைக்கும் அலைந்து செலவழித்த மாதம் 5,000 ரூபாயை, அக்கவுன்ட்ஸ் பிரிவு சம்பளத்திலேயே சேர்த்துவிட்டால்? வரிக்குரிய வருமானம் 12,45,000 ஆகிறது. எல்லையைத் தாண்டியதற்கான நிவாரணம் போகவும் வரி 45,000, செஸ் 1,800, ஆக 46,800 ரூபாய். திரும்ப வந்ததே 60,000 ரூபாய்தான். அதுவும் அவருடைய சொந்தக் காசு!

தையல், கட்டிங் பிரிவுகளில் இருப்பவர்களை வருமான வரி எட்டிப்பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது இ.எஸ்.ஐ. இதற்கான சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். பயணப்படியும், வேலையின் தன்மையால் வரும் சிறப்புச் செலவுக்குத் தரும் பணமும் இ.எஸ்.ஐ. சட்டப்படி சம்பளத்தில் சேராது. 20,200 ரூபாய் வாங்கும் சூப்பர்வைசருக்கு 1,500 ரூபாய் பயண பில்லையும் சம்பளமாகக் காட்டினால் வரம்பைத் தாண்டியதுபோல ஆகிவிடும். ஏப்ரலிலோ அக்டோபரிலோ அடுத்த பங்களிப்புக் காலம் தொடங்கும்போது இ.எஸ்.ஐ. பங்களிப்பு நின்று, பிறகு குடும்பத்துக்கே மருத்துவ வசதியும் நின்றுபோகலாம். வரியைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

(ஆறு மாதத்துக்கு ஒருமுறை திடீரென்று பிடிப்பது தொழில் வரி. அது உள்ளாட்சிக்குப் போகிறது. வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் பிடிக்க அரசியலமைப்பே அனுமதிப்பதில்லை.)

பேஸ்லிப்பில் ‘ரீ-இம்பர்ஸ்மென்ட்’ தனி வரியாக இருக்கிறதா, ‘கிராஸ்’ தொகைக்குள் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கலந்திருந்தால் மார்ச் சம்பளம் போடுவதற்குள் எச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த வருடக் கணக்குக்குள்ளேயே டி.டி.எஸ்-ஐச் சரிசெய்துவிடலாம். ஃபார்ம் 16 வந்த பிறகு என்றால் ரிட்டர்னில்தான் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் பில்லோடு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஹோட்டல், பெட்ரோல் பங்க் தரும் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கு பில் ஏது? யு.பி.ஐ-யில் கொடுத்துவிட்டு, எங்கிருந்து எங்கே, எந்த வேலைக்கு என்று அதிலேயே ஒரு வரி டைப் செய்துவிட்டால் போதும், பிறகு யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.