பாரோமீட்டர் மூன்று மணி நேரம் முன்பு என்ன காட்டியது?

பாய்மரப் படகின் பாரோமீட்டர் 1004 ஹெக்டோபாஸ்கல் காட்டுகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் முன்பு அது 1011 ஆக இருந்தது என்று தெரிந்தால் கதையே வேறு. பிரிட்டன் வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பில், மூன்று மணி நேரத்தில் காற்றழுத்தம் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால் அது ‘மிக வேகமான’ சரிவு. பாயைச் சுருக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். படகில் கருவிகள் இருந்தால் போதாது, அவை சொன்னதெல்லாம் சேமிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சேமிப்பது இன்று எளிது. படகுக் கருவிகளுக்கென 1983இல் வந்த என்.எம்.இ.ஏ. 0183 என்ற மொழி, நொடிக்கு 4,800 பிட் வேகத்தில் சாதாரண எழுத்துகளையே அனுப்புகிறது. வரிகள் பொதுவாக டாலர் குறியில் தொடங்கும்; அளவுகள் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும்; முடிவில் நட்சத்திரக் குறியும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் வரும். வழியில் ஓர் எழுத்து பிசகினால் அந்த எண் ஒத்துவராது, வரி தள்ளப்படும். பின்னால் வந்த என்.எம்.இ.ஏ. 2000, கார்களுக்காக பாஷ் நிறுவனம் உருவாக்கிய கேன் இணைப்பில் ஓடுகிறது. இரண்டையும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் கொண்டுவந்து சேர்த்தால், சிக்னல் கே என்ற திறமூல மென்பொருள் ஒரே வடிவத்துக்கு மாற்றித் தரும். அதைத் தரவுத்தளத்தில் போட்டு, கிராஃபானாவில் வரைபடமாக்கி, வைஃபை வழியே கைபேசியிலேயே பார்க்கலாம்.

இந்தப் பதிவு எங்கே கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, ஒயிட் தீவுக்கு வடக்கே இருக்கிறது சோலன்ட் நீரிணை. அதன் மேற்கு வாயிலில், ஹர்ஸ்ட் கோட்டை அருகே, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வரை போகும். நேர் எதிரே செல்லும் படகில், வேகத்தை அளக்க அடியில் சுழலும் துடுப்புச் சக்கரம் 5 நாட் என்று காட்டும், ஜி.பி.எஸ். 1 நாட் என்று காட்டும். இரண்டும் சரிதான். முன்னது தண்ணீரைப் பொறுத்த வேகம், பின்னது தரையைப் பொறுத்தது.

ஆனால் சக்கரத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டினாலும் இரண்டு எண்களும் முரண்படும். எது காரணம்? அந்த நொடியின் திரையில் விடை இல்லை, பதிவில் இருக்கிறது. ஓதத்தால் வரும் வித்தியாசம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். ஒட்டுயிர்களால் வருவது மாறாது. சக்கரம் எப்போதும் குறைத்தே காட்டும், வாரக்கணக்கில் இன்னும் குறைத்துக்கொண்டே போகும்.

ஒரே ஒரு சென்சார்தான் வைக்கலாம் என்றால் நான் பில்ஜ் பம்பில் வைப்பேன். படகின் அடித்தட்டில் தேங்கும் நீரை வெளியேற்றும் அந்த பம்ப் நாளுக்கு எத்தனை முறை ஓடியது என்று எண்ணினாலே போதும். இரண்டு முறை ஓடியது மழையே இல்லாமல் ஐந்தானால், புரொப்பெல்லர் தண்டின் அடைப்பு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தரைப்பலகைக்கு மேல் நீர் தெரியும்வரை காத்திருப்பது ஆபத்து.

எல்லாவற்றையும் திரையில் கொட்டுவது தவறு. சுக்கான் பிடிப்பவருக்கு ஆழம், காற்று, வேகம் போதும். இரவில் ஒளி மங்கியிருக்க வேண்டும். காற்றை நொடிக்கொரு முறை பதியலாம், பாரோமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று தாராளம். மின்செலவையும் கணக்கில் எடுங்கள்: 5 வாட் இழுக்கும் கணினி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நாளுக்கு 10 ஆம்பியர்-மணி குடித்துவிடும். மின்சாரம் சட்டென்று அறுந்தால் மெமரி கார்டு கெட்டுப்போகக்கூடும் என்பதால், கரை சேர்ந்ததும் பதிவை இன்னொரு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.