கணினியில் ஒரு களையெடுப்பு



அரிசியைப் புடைத்துக் கல்லையும் உமியையும் நீக்கிய பின்னரே நாம் உலையில் இடுகிறோம். கணினிக்குக் கொடுக்கும் பெயர்களுக்கும் எண்களுக்கும் இத்தகைய தூய்மை வேண்டும். ‘கண்ணன்’ என்னும் பெயரின் பின்னால் ஓர் இடைவெளி தவறி விழுந்துவிட்டால் அது நம் கண்ணுக்குத் தெரியாது. கணினிக்கோ இடைவெளியும் ஓர் எழுத்தே. ஆதலின், ஒரே கண்ணனை அது இருவேறு மாணவர்களாகக் கொள்ளும்.

இக்குறையைக் களையும் வழியைப் ‘பைத்தான்’ என்னும் கணினி மொழியைக் கொண்டு காண்போம். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் உருவாக்கிய இம்மொழி 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. பூக்களைத் தொடுத்தாற்போல் எழுத்துகள் தொடர்ந்து நிற்பதைக் கணினியில் ‘சரம்’ என்பர். ‘ஸ்ட்ரிப்’ எனும் கட்டளை, சரத்தின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை நீக்கும். நடுவில் உள்ளவற்றைத் தொடாது. ‘ரீப்ளேஸ்’ எனும் கட்டளையோ, நாம் குறிப்பிடும் எழுத்து எங்கிருப்பினும் அதனை மாற்றும். அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களுக்கு இடையே வரும் 2 சிறு கோடுகளையும் இதனால் நீக்கலாம். இக்கட்டளைகள் மூலச் சரத்தைத் திருத்துவதில்லை. திருத்திய புதுச் சரத்தையே தருகின்றன. அதனை நாம் பெயரிட்டு வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இனி, நம் தமிழுக்கு நேரும் இடர் ஒன்றைக் காண்போம். எழுத்தல்லாத அனைத்தையும் நீக்க எண்ணிச் சிலர் ‘இஸ்ஆல்ஃபா’ எனும் சோதனையைக் கையாள்வர். ஆங்கில எழுத்துகளுக்கு அதனால் கேடில்லை. தமிழிலோ மெய்யின் புள்ளியும், உயிர்மெய்யின் கால், கொம்பு முதலியனவும் கணினியில் தனிக் குறிகளாகப் பதிவாகின்றன. அச்சோதனை அவற்றை எழுத்தென்று ஏற்பதில்லை. எனவே ‘தமிழ்’ என்பது ‘தமழ’ ஆகிவிடும். ‘கண்ணன்’ ‘கணணன’ ஆகிவிடுவான். மலாயில் பதியப்படும் நம் பெயர்களின் நடுவே வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பவற்றின் சாய்கோடும் அவ்வாறே பறிபோகும். இது களை பிடுங்கப் போய்ப் பயிரைப் பிடுங்கிய கதையன்றோ?

ஆகவே மாணவர்களே, வேண்டாதவை இவை என்று முதலில் பட்டியலிடுங்கள். அவற்றை மட்டும் குறிப்பிட்டு நீக்குங்கள். நீக்கிய பின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோர்களும் பிறப்புப் பத்திரத்தில் உள்ளவாறே பிள்ளையின் பெயரைப் படிவத்தில் எழுதுவார்களாக.

கணினி நாம் சொன்னதைச் செய்யும். எது மணி, எது உமி என்று அறிந்து சொல்வது நம் கடமை.