வலச் சக்கரமும் இடச் சக்கரமும்

மாட்டு வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் காட்சியை நம்மில் பலர் இளமையில் கண்டிருப்போம். கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை உருவியெடுத்து, அச்சுக்கு மசகிட்டு, மறுபடியும் பூட்டுவார்கள். வலப்புறத்துச் சக்கரத்தை இடப்புறத்தில் பூட்டிவிட்டாலும் வண்டி முன்போலவே ஓடும். குடத்திலிருந்து வட்டைக்குச் செல்லும் ஆரக்கால்கள் நேராக நிற்கின்றன. எப்பக்கம் சுழன்றாலும் அவற்றுக்கு ஒன்றே. ஆகவே, சக்கரம் என்பது வட்டம், வட்டத்துக்கு வலமேது, இடமேது என்று நாம் எண்ணுவது இயல்பே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தினால் நேர்ந்த ஒரு பிழையை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

என் மகனுடைய மோட்டார் வண்டியில் இரும்புச் சக்கரங்களுக்குப் பதிலாக அலுமினியக் கலவையில் வார்த்த, அலாய் என்று வழங்கும் சக்கரங்கள் பூட்டப்பட்டிருந்தன. அவற்றின் ஆரைகள் நேரானவை அல்ல. மின்விசிறியின் இறக்கைகளைப்போல ஒருபக்கமாகச் சாய்ந்து வளைந்தவை. டயர்கள் ஒரே சீராகத் தேயும்பொருட்டு, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றும் வழக்கம் உண்டு. மகன் ஊரில் இல்லாத ஒரு நாள் நானே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். முன் சக்கரங்கள் இரண்டையும் அந்தந்தப் பக்கத்திலேயே பின்னுக்குத் தள்ளி, பின் சக்கரங்கள் இரண்டையும் குறுக்காக மாற்றி முன்னுக்குக் கொணருமாறு சொன்னேன். எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்த முறை அது. பட்டறைக்காரர் என்னிடம் படித்தவர். சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “ஐயா, இதைக் குறுக்கே மாத்தலாமுங்களா?” என்று கேட்டார். “வட்டம்தானே அப்பா!” என்றேன். ஆசிரியர் சொல்லுக்கு அவர் மறுசொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த ஐப்பசியில் மகன் குடும்பத்தோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து விழுப்புரத்துக்குச் சென்றான். நல்ல மழை. சாலையில் நீர் தேங்கிய ஓரிடத்தில் திடீரென்று ஸ்டியரிங் கையில் கனமற்றுப்போயிற்று என்றும், ஒரு விநாடி வண்டி தன் வசத்தில் இல்லை என்றும் திரும்பி வந்து சொன்னான். தெய்வாதீனமாக ஒன்றும் நேரவில்லை.

மறுநாட் காலை, வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி விளையாடிய என் பேத்தி, “தாத்தா! முன்னாடி இருக்கிற சக்கரம் ஒரு பக்கம் சாயுது, பின்னாடி இருக்கிறது வேற பக்கம் சாயுதே!” என்றாள். சென்று பார்த்தேன். ஆம், ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு சக்கரங்களின் இறக்கைகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வளைந்திருந்தன. மறுபக்கத்திலும் அவ்வாறே. முன் சக்கரங்கள் இரண்டும் பக்கம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. அவற்றோடு டயர்களும் தலைகீழாய்ச் சுழன்றுகொண்டிருந்தன.

இது எவ்வாறு ஆகும் என்று சிலர் வினவக்கூடும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களில் ஒன்று நினைவுக்கு வருகிறது. உடற்பயிற்சி வகுப்பில் மாணவரை நோக்கி நிற்கும் ஆசிரியர், அவர்கள் வலக்கையை உயர்த்த வேண்டுமானால், தாம் இடக்கையை உயர்த்திக் காட்ட வேண்டும். எதிரெதிர் நிற்போருக்கு வலம் இடமாகிவிடும். மோட்டார் வண்டியின் சக்கரங்களும் அப்படித்தான் முதுகுக்கு முதுகாக நிற்கின்றன. வண்டி முன்னோக்கி ஓடும்போது வலப்புறம் வெளியே நின்று பாருங்கள்: சக்கரம் கடிகார முள்ளைப்போல வலஞ்சுழியாகச் சுழலும். இடப்புறம் சென்று பாருங்கள்: இடஞ்சுழியாகச் சுழலும். ஆகவே வளைந்த இறக்கையுள்ள சக்கரங்கள் இரு பக்கமும் ஒரே வேலையைச் செய்யவேண்டுமானால், அவை கண்ணாடியும் பிம்பமும்போல ஒன்றுக்கொன்று எதிராக வார்க்கப்பட வேண்டும். வலக்காற் செருப்பை எவ்வளவு திருப்பினாலும் அது இடக்காலுக்கு ஆகாதல்லவா? சக்கரத்துக்கு வெளிமுகம் ஒன்றுதான். அதைப் புரட்டிப் பூட்ட இயலாது.

சைக்கிள் கடைக்காரர் இந்த உண்மையை நாள்தோறும் கையாளுகிறார். சைக்கிளின் வலப்பக்கப் பெடல் வழக்கமான புரியோடு முடுகும். இடப்பக்கப் பெடலின் புரியோ எதிர்ப்புரி. இல்லாவிடில் மிதிக்க மிதிக்க இடப்பெடல் தளர்ந்து கழன்றுவிடும். நாற்பது ஆண்டு சைக்கிளில் பள்ளிக்குச் சென்றவன் இதை அறியாதவன் அல்லன். அறிந்ததைச் சக்கரத்தோடு பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவே.

ஆரைகளை ஏன் வளைக்க வேண்டும்? பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் வேகம் மாயமாய் மறைவதில்லை, வெப்பமாக மாறுகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் 2 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 48 டிகிரி சூடேற்ற இது போதும். இவ்வெப்பத்தின் பெரும்பகுதி சக்கரத்தின் உட்புறத்திலேயே தோன்றுகிறது. சுழலும் சக்கரமே விசிறியாகி அந்த வெப்பக் காற்றை அப்புறப்படுத்தட்டும் என்பது கருத்து. 1924ஆம் ஆண்டு புகாட்டி நிறுவனத்தார் தம் 35ஆம் வகைப் பந்தய வண்டிக்கு அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களைப் பூட்டினர். அவற்றின் எட்டு ஆரைகளும் தட்டையானவை. அவற்றில் இடவலப் பேதம் இல்லை. 1984ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரோலே கார்வெட் வண்டிக்கோ, வலப்புறத்துக்கு வேறு, இடப்புறத்துக்கு வேறு என்று சக்கரங்கள் அமைந்தன. டயர்களும் ஒரே திசையில் சுழல்வதற்கென்றே செய்யப்பட்டவை. நம் வீட்டு வண்டிகளின் வேகத்துக்கு ஆரை தரும் காற்றால் பெரும் பயன் உண்டென்று நான் கருதவில்லை. அழகே அங்கு முதன்மை. டயரின் திசையோ அப்படி விட்டுவிடக்கூடியதன்று.

உழவர் நண்பர்கள் டிராக்டரின் பின்சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டைகள் அம்பின் முனைபோல இரு பக்கமும் சாய்ந்திருக்கும். கூரான நடுப்பகுதி முதலில் சேற்றில் பதியும்; பிறகு சேறு இரு ஓரங்களுக்கும் ஒதுக்கித் தள்ளப்படும். டயரைத் தலைகீழாய்ப் பூட்டினால் சேறு நடுவிலேயே அப்பிக்கொள்ளும். திசையுள்ள மோட்டார் டயரிலும் இதே ஏற்பாடுதான். அங்கே சேற்றுக்குப் பதில் மழைநீர். பள்ளங்கள் நீரை ஓரங்களுக்கு வழித்துவிட வேண்டும். எதிர்த்திசையில் சுழலும்போது அந்த ஆற்றல் குறைகிறது. நீரின் மெல்லிய படலத்தின்மேல் டயர் மிதக்கத் தொடங்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. விழுப்புரம் சாலையில் நேர்ந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் துணிய மாட்டேன். வேகமும் ஒரு காரணம், மகனே ஒப்புக்கொண்டான். ஆனால் என் பங்கு அதில் இல்லையென்று சொல்ல மனம் இடந்தரவில்லை.

இனி, பார்த்துக்கொள்ளும் வகை. டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறியும், சுழற்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் பொறித்திருக்கும். அம்பு டயரின் உச்சிக்கு வரும்போது வண்டியின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும். சக்கரத்துக்கு உரிய பக்கத்தை அதன் உட்புற வார்ப்பெழுத்திலோ வண்டியோடு தரும் கையேட்டிலோ காணலாம். அங்கே வலம், இடம் என்பன ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்தவரின் வலமும் இடமும் ஆகும். வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவருடையவை அல்ல. இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். இன்னொன்று: வளைந்த ஆரையுள்ள சக்கரம் எல்லாவற்றுக்கும் இணை இருப்பதில்லை. ஒரே அச்சில் நான்கையும் வார்த்துவிடுவோரும் உண்டு. அவ்வண்டிகளில் ஒரு பக்கம் இறக்கை முன்சாய்ந்தும் மறுபக்கம் பின்சாய்ந்தும் தோன்றும். அது பிழையன்று, பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டா.

சக்கரத்துக்கும் டயருக்கும் திசையிருந்தால், அந்தந்தப் பக்கத்தில் முன்னும் பின்னும் மாற்றலாமேயன்றிக் குறுக்கே மாற்றலாகாது. முன் சக்கரத்தினும் பின் சக்கரம் அகலமாயிருந்தால் அதுவும் இயலாது. சக்கரம் சரியான பக்கத்திலிருந்தும் டயரின் அம்பு பின்னோக்கிக் காட்டினால், டயரைச் சக்கரத்திலிருந்து பிரித்துத் திருப்பிப் பூட்டி, மறுபடி எடைச் சமநிலை பார்க்கத்தான் வேண்டும்.

எங்களுக்கு அவ்வளவு தொல்லை நேரவில்லை. முன் சக்கரங்கள் இரண்டையும் டயரோடு பக்கம் மாற்றியதும் எல்லாம் சரியாயின. அரைமணி நேர வேலை. நான் என் பிழையைச் சொன்னபோது பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, “அன்னைக்கே எனக்குச் சந்தேகமுங்க ஐயா” என்றார். பிறகு ஒரு சிறிய தூரிகையால் ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் வெள்ளை வண்ணத்தில் ‘வ’ என்றும் ‘இ’ என்றும் எழுதினார். நூறு கிலோமீட்டர் ஓடியபின் திருகுகளை ஒருமுறை முடுகிப் பார்க்க வரச் சொன்னார்; சென்றுவந்தோம். பேத்தி உடன் வந்து, எழுத்துகள் சரியான பக்கத்தில் இருக்கின்றனவா என்று நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்த்தாள்.