விதை நாடும் நீரும் காற்றும்

'பத்து பெரண்டாம்' என்னும் மலாய்ப் பெயருக்கு 'நீரில் ஊறும் கல்' என்பது பொருள். அவ்வூர் அமைந்த மலாக்கா மாநிலத்துச் செம்புரைக்கல் மண்ணும் பெயர் பெற்றதே. மலேசிய மண்ணியலார் அதன் ஒரு வகையை 'மலாக்கா' என்றே வழங்குவர். பள்ளி வளாகத்து மண்ணை அள்ளித் தட்டிலிட்டு, மாணவர் நிலவேம்பு விதைத்து நாள்தோறும் நீர் ஊற்றுகின்றனர். முளை தோன்றாமற் போகிறது. தோன்றினும் அடித்தண்டு அழுகிச் சாய்கிறது. 'இம்மண்ணில் மூலிகை வராது' என்று அவர்கள் முடிவு கட்டுகின்றனர். அம்முடிவு சரியா?

விதை தன் முதலுணவைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. அது புறத்தே முதலில் நாடுவன நீர், காற்று, தக்க வெப்பம் ஆகியவையே. மண்ணின் நுண்துளைகள் நீரால் நிரம்பினால் காற்று வெளியேறிவிடும். நிலத்தில் மிகைநீர் ஆழத்துக்கு இறங்கும். ஆழமற்ற தட்டிலோ அடியிலேயே தேங்கும். எனவே, நிலத்தில் நல்லதாக இருந்த மண்ணும் தட்டில் தீதாகிறது.

மருந்துச் செடியின் நாற்று எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சிங்கோனா சான்றாகும். மலாயாத் தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியான தமிழ்த் தொழிலாளர் எண்ணற்றோர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட கொயினா, சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. தென் அமெரிக்க மலைகளுக்குரிய அம்மரத்தை 1860-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவுக்குக் கொணரக் கிளெமன்ட்ஸ் மார்க்கம் முயன்றார்; உதகைத் தோட்டக் கண்காணிப்பாளர் மக்கைவர் நீலகிரியில் அதை வளர்த்துப் பெருக்கினார். அதன் விதை மிக நுண்ணியது, ஊதினால் பறப்பது. அதைப் புதைத்தலாகாது, சலித்த மென்மண் மீது தூவி, நிழலில் காத்தல் வேண்டும்.

வகுப்பில் இதை மூன்று தட்டுகளால் விளக்கலாம். முதலாவதில் மணல், அது நீரை விரைவில் இழக்கும். இரண்டாவதில் தென்னை நார்த்தூள். அது நீரை நெடிது காக்கும். புதிய தூளாயின் உப்பு நீங்கக் கழுவுதல் வேண்டும். மூன்றாவதில் நார்த்தூளுடன் உமிக்கரி. அது காற்றுக்கு வழிவிடும். மூன்றிலும் விதையின் எண்ணிக்கையும் நீரின் அளவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒரு வரிசை துளசி, ஒரு வரிசை நிலவேம்பு என விதைத்து, முளைத்தவற்றை நாள்தோறும் எண்ணிக் குறிக்கச் செய்க. நிலவேம்பின் விதைத்தோல் கடினமாதலின் பொறுமை தேவை. இக்கலவைகளில் உணவுச்சத்து குறைவு. ஆதலின் இரண்டாம் இணை இலை விரிந்தபின் மக்கிய உரம் சிறிது இடலாம்.

விதை ஒன்றே, வைத்த இடம் வேறு, விளைவும் வேறு. முளைக்காத விதையைப் பதர் என்று ஒதுக்குமுன் அதை ஊன்றிய இடத்தை ஆராய்தல் வேண்டும் என்பதை மாணவர் அங்கே கண்ணாரக் காண்பர். ஆசிரியரும் வகுப்பின் கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று.