உங்களுக்குத் தெரியுமா? பழைய காருக்குப் புது பேட்டரி

சீனாவின் நியோ நிறுவனம் 2018இல் விற்ற இஎஸ்8 மின்காரில் இருந்தது 70 கிலோவாட் மணி பேட்டரி. 2020 இறுதியில் 100 கிலோவாட் மணி பேட்டரி வந்தபோது, அந்தப் பழைய காரிலும் அதைப் பொருத்த முடிந்தது! உள்ளே சரக்கு மாறினாலும் பெட்டியின் நீள அகலம், திருகுகளின் இடம், மின் இணைப்பு எதுவும் மாறாதபடி முன்யோசனையோடு வடிவமைத்திருந்தார்கள். பேட்டரி மாற்று நிலையத்தில் காரை நிறுத்தினால், இயந்திரமே அடியிலிருந்து திருகுகளைக் கழற்றி, தீர்ந்த பேட்டரியை இறக்கி, சார்ஜ் ஏறியதை மாட்டிவிடும். எல்லாம் சுமார் ஐந்து நிமிட வேலை. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை நிலையங்களில் ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்கவே வேண்டாம்.

யோசனை என்னவோ பழசுதான். 1897இல் நியூயார்க்கில் ஓடிய மின்சார வாடகை வண்டிகளுக்கே நிலையத்தில் கனத்த ஈய-அமில பேட்டரியை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினார்கள்.

சிக்கல், ஆளுக்கொரு அளவில் பேட்டரி செய்வதுதான். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொன்றின் காருக்குள் நுழையாது. ஊரெங்கும் மாற்று நிலையங்கள் அமைத்த இஸ்ரேலின் பெட்டர் பிளேஸை நம்பி வந்த கார் ரெனோ ஃப்ளூயன்ஸ் ஒன்றே. 2013இல் அந்த நிறுவனம் திவாலானது.